பன்னிரண்டு வார்த்தை மஹர்

— பேச்ச மாத்தாத மச்சான். நாஷ்டா அப்பறம். நிக்காஹ்ல மாப்ள பொண்ணுக்குக் குடுக்க வேண்டிய மஹர எனக்கு நீ குடுத்தியா, இல்லியா?

— இன்னா பர்வீன் இது! ராத்திரி பூரா ரோலிங் மில்லு சூட்ல வெந்துட்டு இப்பதான் ஊட்டுக்கு வந்துகீறேன். நிக்காஹ் அன்னிக்கே குடுத்தாச்சேம்மா. பிட்காயின்ல மஹர் குடுத்த மாப்ளன்னு கும்முடிப்பூண்டியே சிரிச்சுதே!

— சிரிச்சாங்க, பள்ளிவாசல் கல்யாண தப்தர்லயும் எழுதுனாங்க. என் கண்ணுக்குதான் காட்டல. வெள்ளிக்கெழம என் பி.எட். ஃபீஸுக்கு கடைசி நாளு. யார் கைலயும் கேக்காம, என் மஹர வித்து கட்லாமான்னு பள்ளிவாசல் அஜ்ரத்த போய் கேட்டேன்.

— ஹராம்னுட்டாரா?

— பிட்காயின் விஷயத்துல மார்க்கம் படிச்ச ஆலிம்ங்களே ரெண்டு பக்கமாம். கைல தொட முடியாதது, சூதாட்டம் மாதிரின்னு சில பேரு. ஜனங்க வாங்கி விக்கிறாங்க இல்ல, அதுவும் சொத்துதான், ஏழைங்களுக்குக் குடுக்குற ஜகாத்து கூட அதுக்கு உண்டுன்னு சில பேரு. "அது கெடக்கட்டும், மொதல்ல அது உன் கைக்கு வந்துச்சாம்மா"ன்னாரு. வரலன்னா இன்னும் புருஷன் மேல கடனாம். இன்னும் என் கைக்கு வரல மச்சான். கல்யாணமாயி ஏழு வருஷம்!

— அட, இரு. உள்ள இன்னா கத்திக்கினுகீறா உம் பொண்ணு?

— அது டெய்லி பாட்ற பாட்டு. நீதான் வந்ததும் கதவ சாத்திக்கினு படுத்துடுவ, எங்க கேட்ருக்கப் போற? பதில் சொல்லு.

— சத்தியமா குடுத்துட்டேன் புள்ள. அந்தக் காச எடுக்கணும்னா பன்னெண்டு இங்கிலீஷ் வார்த்த வேணும். வரிச மாறக்கூடாது. அதான் சாவி. யார் பாத்தாலும் மொத்தமும் பூடும். உங்கிட்ட சொன்னா உங்க அண்ணன்கிட்ட உளறிடுவியோன்னு பயம். சீட்டுல எழுதி, நம்ம கல்யாண போட்டோ இருக்குதில்ல, அதுக்குப் பின்னாடி சொருவி வெச்சேன். இத்தினி வருஷமா உன் தலைக்கு மேலதான் இருக்குது!

— யா அல்லா...

— இன்னாடி? ஏன் அழுவுற?

— அந்த ஃப்ரேமு ரெண்டு வருஷம் முன்னாடி மழைல ஊறி ஒடஞ்சுது மச்சான். இது புது ஃப்ரேமு. சீட்டு போயே போச்சு.

— போச்சா? அதுலதானே பர்வீன் எல்லாம்!

— வேற எங்கனா எழுதி வெச்சிருக்கியா?

— இல்லம்மா. எனக்கு மூணு நாலு வார்த்ததான் நெனப்பு இருக்குது.

— சரி வுடு. எம் மஹரு, எங்கிட்ட இருந்து போச்சு. உன் மேல கடன் இல்ல.

— அதெப்டி? உனக்குத் தெரியாம வெச்சது குடுத்ததா ஆவுமா? அஜ்ரத்து கேட்டதுதான் சரி. நஷ்டம் என்னுது. ஓ.டி. பாத்தாவது உன் மஹர தங்கமா கைல வெக்கிறேன். நீ படிக்கணும் பர்வீன். தப்பு பண்ணிட்டேன், உன்ன நம்பிருக்கணும்.

— போ மச்சான், மறுபடியும் அழ வெக்கிற... இரு. பாப்பா பாட்ற பாட்டு... உன் சீட்டு எலுமிச்சம்பழத்துல ஆரம்பிக்குமா?

— லெமன்! ஆமா! உனக்கு எப்டி?

— ஒடஞ்ச ஃப்ரேமுல ஒரு சீட்டு, உன் கையெழுத்து. பாவம், இங்கிலீஷ் கத்துக்கிறாரு போலன்னு நெனச்சேன். ஆசையா இருந்துச்சு. சீட்டு கிழியறதுக்குள்ள பாப்பாவுக்கு பாட்டா சொல்லிக் குடுத்தேன். எனக்கு நடுவுல மறந்துடும், அவளுக்கு மறக்காது. மர்யம்! இங்க வா கண்ணு. அத்தாவுக்கு அந்தப் பாட்ட முழுசா பாடு!

— லெமன், ரிவர், டைகர், விண்டோ, ஆரஞ்சு, சைக்கிளு...

— பைசைக்கிள்னுதான் எழுதுனேன்! பாடு ராஜாத்தி, பாடு!

— க்ளௌடு, கார்லிக், கிட்டன், சால்ட்டு, ஹேமர்... கடைசி வார்த்த சொல்லமாட்டேன் போ! அத்தா இன்னிக்கி கதவ சாத்திக்கினு தூங்காம எங்கூட ஊஞ்சல் ஆட்னாதான் சொல்லுவேன்!