புவனாலி போகாத பக்கம்

சாயங்காலம் அஞ்சே முக்கால். ம்பாம்பா ஊர்ல இருந்து லுஜெண்டா ஆத்துக்குப் போற மண்பாதை... யானைச் சாணத்தைத் தவிர அதுல வேற தடயமே இல்ல. ஒத்தையா நடந்து போறான் புவனாலி. என் பொண்டாட்டியோட அண்ணன்.

சிரிக்காத அசானே. விடிஞ்சா விருந்தாளிங்களுக்கு யானை காட்ட அந்தப் பாதையிலதான் நீ வண்டி ஓட்டணும்.

தேன் எடுக்கப் போன அவன் தம்பி அத்தீபு, நாலு நாளாச்சு, வரல. நாங்க எட்டுப் பேர் ஆத்தங்கரை பூரா தேடிட்டுத் திரும்பிட்டோம்.

"இருட்டப் போகுது மச்சான். நாளைக்குப் பாப்போம்"னேன்.

"நாளைக்கு நீங்க பாருங்க"ன்னான். போயிட்டான்.

கொஞ்ச தூரத்துலயே தேன் காட்டுற குருவி வந்துச்சு. தீப்பெட்டியக் குலுக்குற மாதிரி அதே சத்தம். நாம கூப்பிட்டாத்தானே அது மரம் மரமாத் தாவி வழி காட்டும்? புவனாலி கூப்பிடவே இல்ல.

வேற யாரோ அந்தக் குருவியக் கூப்பிட்டாங்க.

"ப்ர்ர்ர்ர்... ஹ்ம்..."

அத்தீபுவுக்கு முன்பல் ரெண்டு கிடையாது. கூப்பிட்டான்னா கடைசியில ஒரு காத்து 'ஸ்ஸ்'னு சேர்ந்து வரும். இதுலயும் வந்துச்சு.

"டேய் அத்தீபு! நில்லுடா, வந்துட்டேன்!" ஓடுறான். முள்ளு கிழிக்குது. கூப்பிட்டா பேச்சு இல்ல... மறுபடி அந்தக் குரல் மட்டும். பொழுது சாய்ஞ்சா அந்தக் குருவி அடங்கிடும். அன்னிக்கு அடங்கல. இருட்டுல, தலைக்கு மேலயே குலுங்கிக்கிட்டு...

அப்புறம் தேனீய விரட்டப் போடுற பச்சத்தழைப் புகை வாசனை. கோடாலிச் சத்தம். டொக்... டொக்...

"இருக்கான்... உசுரோட இருக்கான்..."னு அழுதுக்கிட்டே ஓடினானாம்.

போய்ப் பாத்தா, மரம் விழுந்து கெடக்குது. இலையெல்லாம் சருகாயிருச்சு. நெருப்பு இல்ல, புகை இல்ல. அடிமரத்துக்கு அடியில அத்தீபு. இடுப்புக்கு மேல மட்டும் வெளிய. தேனுக்காக வெட்டின மரம் அவன் மேலயே சாய்ஞ்சிருக்கு. கையத் தொட்டான்... கல்லு மாதிரி சில்லுன்னு. விரலு மடங்கல. மூச்சு இருக்கான்னு மூக்குகிட்ட கன்னத்த வச்சுப் பாத்தான். ஒண்ணுமில்ல.

ஒத்த ஆளா மரத்தைத் தூக்க முடியல. கழுதைப்புலி வந்துரும்னு நெருப்பு மூட்டி, பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்தான்.

அப்பத்தான்...

"ப்ர்ர்ர்ர்... ஹ்ம்... ஸ்ஸ்..."

காட்டுக்கு உள்பக்கம். நூறு அடி இருக்கும்.

எந்திரிச்சான். நெருப்பத் தாண்டி ரெண்டு மஞ்சக் கண்ணு. போனா தம்பி உடம்பு மிஞ்சாது. போகலன்னா... கூப்பிடுறதும் தம்பிதான்.

போகல.

குரல் கொஞ்சம் தள்ளிப்போச்சு. நின்னுச்சு. கூப்பிட்டுச்சு. காத்திருக்கிற மாதிரி இருந்துச்சாம். மறுபடி தள்ளிப்போச்சு. ராத்திரி பூரா அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் சன்னமாகி... விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுச்சு. அப்புறம் இல்ல.

காலையில அவன் மூட்டின நெருப்புப் புகையப் பாத்து நாங்க போய் மரத்தை நெம்பி எடுத்தோம். மூங்கில்ல கட்டி ஊருக்குத் தூக்கிட்டு வந்து சேரும்போது நல்லா இருட்டிருச்சு.

குளிப்பாட்டினது நான். புவனாலி தண்ணி ஊத்தினான். கிணத்துத் தண்ணி, என் விரலெல்லாம் மரத்துப்போச்சு. அத்தீபு கைய மெதுவாத் தூக்கி அக்குளுக்குள்ள துணிய வச்சேன்.

கை மடங்குச்சு. அக்குளு சூடா இருந்துச்சு. தூங்குற ஆளுக்கு இருக்குமே, அந்தச் சூடு.

மூச்சு பாத்தேன், நெஞ்சுல காது வச்சேன்... எதுவும் இல்ல. துணியப் பிழிஞ்சேன், தொடைச்சேன்.

புவனாலி செம்பைக் கீழ வச்சான். என்னைப் பாக்கல.

"உடம்பு இன்னும் ஆறல இல்ல, மச்சான்?"ன்னான்.