ட்ரிப் எண் போட்ட கற்கள்

சைரன். மதியம் இரண்டு பத்து. கோயில் சுவரில் பதினோரு பேர் கல் பெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

"வெடி போடப் போறாங்க! அந்தாண்ட ஓடியாங்க!"

ஓடுகிறோம். சைரன் நிற்கிறது. தரை ஒருமுறை உதறுகிறது. காது அடைத்துக்கொள்கிறது. புழுதி அடங்கியதும் திரும்பி வந்து கடப்பாரையை எடுக்கிறோம்.

இதைப் போர் என்றால் சிரிப்பார்கள். யாரும் யாரையும் சுடவில்லை. சுரங்கத்தின் விளிம்பு ஊருக்குள் வந்தது, நாங்கள் வெளியே போனோம். அவ்வளவுதான். அந்தச் சுரங்கத்தில்தான் எனக்கும் வேலை. கான்ட்ராக்ட். மண் லாரிகளுக்கு ட்ரிப் எண்ணுவேன்.

சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். நிலம் இருந்தவர்களிடம் பட்டா இருந்தது. நிலமில்லாத எங்கள் தெருவைப் பற்றி எழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. இந்தக் கோயில் சுவர்களில் வெட்டியிருந்த கல்வெட்டு. என் மனைவி வளர்மதி கல்வெட்டு படிக்கப் பயிற்சி எடுத்தவள். வடக்குச் சுவரைப் படித்துவிட்டாள். ஏரியை வெட்டியவர்கள் எங்கள் தெருக்காரர்கள், பத்தொன்பது பேர். பெயர்கள் மேற்குச் சுவரில். அங்கே வருடா வருடம் பொங்கலுக்கு நாங்களே அடித்த சுண்ணாம்பு விரல்கனம் ஏறியிருந்தது. சுரண்ட நேரமில்லை.

"என்னாங்க, மறக்காம நம்பர் போட்டுக்கினே வாங்க. புது காலனிக்குப் போயி சுரண்டிப் படிச்சிக்கலாம்."

போட்டேன். சிவப்பு பெயிண்ட். முதல் லாரியில் ஏறிய கல்லுக்கெல்லாம் ஒன்று. அடுத்த லாரிக்கெல்லாம் இரண்டு. பன்னிரண்டு வருடம் ட்ரிப் எண்ணிய கை. எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல் என்று அதற்குத் தோன்றவேயில்லை.

புது காலனியில் வளர்மதி சுரண்டுகிறாள். ஒரு கல்லின் கடைசியில் 'சாத்'. மூன்று கற்களின் தொடக்கத்தில் 'தன்'. யாருடைய தலைக்கு யாருடைய உடம்பு? பொருத்திப் பார்க்க ஓரங்களும் இல்லை. கடப்பாரை பட்டு உதிர்ந்திருந்தன.

"இந்தக் கல்லு எல்லாத்துலயும் ஏழுன்னு போட்டு வச்சிருக்கீங்களே..."

அடுத்த கல்லைச் சுரண்டத் தொடங்கினாள். திட்டியிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏரி ஒன்று. தெரு ஒன்று. வீடுகள் நாற்பத்தொன்று. காலனிக்கு வந்த குடும்பங்கள் இருபத்தாறு. மற்றவர்கள் சேத்தியாத்தோப்பு, நெல்லிக்குப்பம் என்று கலைந்துபோனார்கள். கற்கள் இருநூற்று முப்பது. ஒன்றுகூடக் குறையவில்லை. ஏரி வெட்டியவர்களில் முழுப் பெயரோடு வந்து சேர்ந்தவர்கள் இருவர். மற்ற பதினேழு பேரையும் தொலைத்தது வெடியல்ல. நான்.