சத்தமில்லாத ஏசி

உங்கள் அறை ஏசியில் குறை ஒன்றும் இல்லை. தண்ணீர் சொட்டுவதற்குக் காரணம் பின்னால் போகிற குழாய். வெளிப்பக்கம் சரிய வேண்டியது உள்பக்கம் சரிந்திருக்கிறது. உள்முனையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிவிட்டால், கீழே வைத்திருக்கிற வாளியை வேறு வேலைக்கு அனுப்பலாம். அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைக்காதீர்கள். கடலோர ஊரில் வீட்டு ஏசியையும், அதன் காற்று போகிற டக்ட்டையும் மாற்றியவன், அதற்கப்புறம் எந்த அறைக்குள் நுழைந்தாலும் அண்ணாந்து பார்த்தபடிதான் நுழைவான். அந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

மேஜையில் பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருக்கிறீர்களே அந்தக் கறுப்புப் பஞ்சுத் துண்டு, அதைப் பற்றித்தான் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். நடந்ததை வரிசையாகச் சொன்னால், நான் அவ்வளவு மோசமான ஆள் இல்லை என்பது உங்களுக்கே புரியும்.

நான் மெத்தைக் கடையில் விற்பனையாளன். ஆட்களைப் படுக்க வைப்பதுதான் என் பிழைப்பு. படுத்த கையோடு ஒரு ஜோக் சொல்வேன். நிற்கிற மனிதனிடம் ஜோக் சொல்வது சிரமம் சார். அவன் கால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடும். படுத்திருப்பவர் அப்படியில்லை. செருப்பைக் கழற்றியிருப்பார், கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், எழுந்திருக்க வெட்கப்பட்டாவது சிரித்துவைப்பார். கடையில் என் பெயர் கடி. முதலாளி மட்டும் மரியாதை கொடுத்துக் கடி சார் என்பார்.

என் மனைவி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். குளத்தில் மூழ்கினால், நான் கரையில் நின்று ஒரு ஜோக்கை முழுசாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் வெளியே வரமாட்டாள். முடிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் தலையைத் தூக்குவாள் என்று அவள் தங்கை கிண்டல் செய்வாள். நான் அதை அவளுடைய மூச்சுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் இருந்த பழைய ஏசி, முந்தைய சொந்தக்காரர் விட்டுப்போனது. மொட்டை மாடியில் ஒரு பூதம். அதிலிருந்து கூரைக்குள் டக்ட் போட்டு எல்லா அறைகளுக்கும் காற்று. அது ஓட ஆரம்பித்தால் வாசலில் படுத்திருக்கும் நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். குளிரும் மடமடவென்று வரும். பட்டென்று நின்றும் போகும். சுவரெல்லாம் வியர்க்கும். அலமாரியில் வைத்த செருப்பு பச்சை பூத்திருக்கும். அந்த வீட்டில்தான் அவளுக்கு இருமல் வந்தது.

முதலில் குளத்துக்குப் போவது நின்றது. பிறகு படி ஏறுவது நின்றது. என் தூக்கம் கெடக்கூடாது என்று அவளாகவே பின்னறைக்கு மாறிக்கொண்டாள். நான் கடையிலிருந்து வந்ததும் வெந்நீரோடு போய் உட்காருவேன். தலையணைகளை எந்தச் சாய்வில் அடுக்கினால் மூச்சு சுலபமாக வரும் என்பது என் தொழில் ரகசியம். அடுக்கிவிட்டு அன்றைய ஜோக்கைச் சொல்வேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அது இருமலாகிவிடும். போகப்போகச் சிரிப்பையே விட்டுவிட்டு நேராக இருமலுக்கு வந்தாள். எனக்கு அது போதும். உண்மையைச் சொல்லவேண்டுமானால், எங்கள் தாம்பத்தியத்தில் அந்தக் காலம்தான் பொற்காலம்.

உங்கள் ஆள் எழுதுவதை நிறுத்திவிட்டார். எழுதட்டும், அவசரமில்லை.

இடையில் அவள் தங்கை வீடு மாறினாள். கடலுக்கு வெகுதூரத்தில் வறண்ட ஊர். ஒத்தாசைக்குப் போன என் மனைவி, அங்கே இருந்த நாளெல்லாம் ஒரு தடவைகூட இருமவில்லை. திரும்பி வந்து பின்னறையில் படுத்தாள், விடிவதற்குள் ஆரம்பித்துவிட்டது. ஆளைப் பார்த்தது போதும், வீட்டைப் பாருங்கள் என்றார் டாக்டர். மெக்கானிக்கைக் கூப்பிட்டது நான்தான். இதை என் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் வாய் ஓயாத மனிதர். கூரைக்குள் ஊர்ந்துபோனவர் உள்ளே இருந்தே பேசிக்கொண்டிருந்தார். பெரிய வீட்டுக்குப் போட வேண்டிய ஏசியைச் சின்ன வீட்டுக்குப் போட்டிருக்கிறார்கள், அது சீக்கிரம் குளிர வைத்துவிட்டு நின்றுவிடுகிறது, காற்றில் இருக்கிற ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைப்பதில்லை என்றார். டக்ட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த பஞ்செல்லாம் நனைந்து நனைந்து பூஞ்சை பிடித்துக் கறுத்திருந்தது. பின்னறைக்குப் போகிற கிளைதான் மிகவும் மோசம். கைநிறைய ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு இறங்கினார்.

"சார், அம்மா இவ்ளோ நாளா மூச்சு விட்டது இதுக்குள்ள இருந்துதான். இது டக்ட் இல்ல, காடு."

எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். அவளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெயர்த்துப் போட்ட கூரைக்குக் கீழே, கடையிலிருந்து கொண்டுவந்த மாதிரி மெத்தையில் படுத்துக்கொண்டு வேலையை மேற்பார்த்தேன். மேற்பார்வை என்றால் ஏணியைப் பிடிப்பது. அதையும் சரியாகப் பிடிக்கவில்லை என்று மெக்கானிக் அதைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். அளவான புது ஏசி வந்தது. புது டக்ட், உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு, இணைப்புக்கு இணைப்பு பசை பூசி அடைத்தார். போகும்போது ஒரு எச்சரிக்கையும் செய்தார். ஏசிக்குள் இருக்கிற ஃபேனை எப்போதும் ஆட்டோவிலேயே விட வேண்டும், நிற்காமல் ஓடவிட்டால் உள்ளே பிடித்துவைத்த ஈரத்தை அதுவே திரும்ப வீட்டுக்குள் ஊதிவிடும். நல்ல அறிவுரை. நான் மறக்கவில்லை.

பழைய டக்ட் சுற்றுச்சுவர் ஓரம் குவிந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு துண்டு ஞாபகத்துக்கு வேண்டும் என்றேன். மெக்கானிக் சிரித்தார். நின்றுகொண்டே சிரித்தார் சார், அபூர்வம். ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அப்போது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. இதற்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள்.

அவள் வந்தாள். இருமல் போன இடம் தெரியவில்லை. குளியலறையில் பாட்டு கேட்டது. நீச்சல் பை பரணிலிருந்து இறங்கியது. சாயங்காலம் நான் வெந்நீரோடு போனால் அறையில் ஆள் இல்லை. துணி உலர்த்திக்கொண்டோ மாணவிகளோடு போனில் பேசிக்கொண்டோ இருப்பாள். பின்னாலேயே நடந்துபோய்ச் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்றாள். ஜோக் முடிந்தபிறகு அப்புறம் என்று கேட்டால் மனிதன் எங்கே போவான்?

ஆனாலும் நான் தாங்கிக்கொண்டேன். கெடுத்தது அந்தப் புது ஏசிதான். அதில் ஒரே ஒரு குறை, சத்தமே இல்லை. பழைய பூதம் ஓடிய காலத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. இப்போது, கடை விடுமுறையன்று மத்தியானம் ஹாலில் படுத்திருந்தேன், பின்னறையில் அவள் தங்கையோடு போனில் பேசுவது டக்ட் வழியாகக் குளிர்ந்த காற்றோடு என் முகத்தில் வந்து விழுந்தது.

தங்கை ஊரில் புதிதாக நீச்சல் குளம் திறக்கிறார்களாம், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம், தங்க வீடும் தருகிறார்களாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். "அவரையும் கூட்டிட்டுத்தான் வருவேன். அங்க மெத்தைக் கடையே இல்லாமலா போகும்?" என்றாள். அந்தப் பக்கம் தங்கை ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"ஜோக்கா? உடம்பு சரியில்லாதப்ப அது ஒரு வசதிடி. அவர் முடிக்கிற நேரம் பாத்து ஒரு இருமல் இருமிடுவேன். பாவம், சந்தோஷமாயிடுவார். இப்ப என்ன பண்றதுன்னே தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடிவயிற்றிலிருந்து, மூச்சு முட்டாமல், நீளமாக. வீட்டுக்குள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். எனக்குக் கோபமே வராது. கடையில் விசாரித்துப் பாருங்கள். நான் யோசித்தது அவள் உடம்பைப் பற்றித்தான். இப்போதுதான் தேறியிருக்கிறாள், புது ஊர், புது வேலை, நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்க வேண்டும். கொஞ்சம் ஓய்வெடுத்தால் நல்லது. பயணத்தைத் தள்ளிப்போடுகிற அளவுக்கு லேசாக ஒரு இருமல் வந்தால் போதும் என்று நினைத்தேன். வேறு எவனாவது இருந்தால் சண்டை போட்டிருப்பான்.

மறுநாள் அவள் குளத்துக்குப் போனதும் ஸ்டூலைப் போட்டு, பின்னறையில் காற்று வருகிற கிரில்லின் திருகாணிகளைக் கழற்றி, ஞாபகார்த்தத் துண்டை டக்ட்டுக்குள் வைத்து மூடினேன். திருகாணி ஒன்று கீழே விழுந்து கட்டிலடியில் உருண்டுவிட்டது. அதைத் தேடியதுதான் அந்த வேலையிலேயே பெரிய சிரமம்.

ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. மெக்கானிக் செய்துவைத்த வேலை அவ்வளவு சுத்தம். வீடு உலர்ந்து கிடந்தது, பஞ்சும் காய்ந்துவிட்டது. அப்போதுதான் அவர் அறிவுரை ஞாபகம் வந்தது. ஃபேனை நிற்காமல் ஓடவிட்டேன். இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற குப்பி இருக்கிறதல்லவா, அதைக் கொண்டு கிரில் வழியாகத் தினமும் கொஞ்சம் தெளித்தேன். எனக்குச் செடி வளர்க்கிற ராசி கிடையாது. கள்ளிச்செடிகூட என் கையில் அழுகியிருக்கிறது. நான் தண்ணீர் ஊற்றி வாடாமல் வளர்ந்தது அது ஒன்றுதான்.

இருமல் வந்தது. பயணம் தள்ளிப்போயிற்று. நீச்சல் பை பரணுக்கு ஏறியது. தலையணைகளை அடுக்கினேன். அவள் என்னைத்தான் தேற்றினாள். "இவ்ளோ பாடுபட்டு எல்லாத்தையும் மாத்துனீங்க, எனக்குத்தான் குடுத்துவைக்கல," என்றாள். அன்றைக்குச் சொன்ன ஜோக்குக்குச் சரியான இடத்தில் இருமினாள். அவள் போனில் சொன்னது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. இருந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த விஷயத்தில் அவள் கணிப்பு தவறவே இல்லை.

லேசாக என்றுதானே சொன்னாய், ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். நிறுத்தினேன் சார். தெளிக்காமல் விட்டால் அவளுக்குக் கொஞ்சம் தேறும். தேறினால் பையை இறக்குவாள். பை இறங்கினால் நான் குப்பியை எடுப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். எனக்கே பொறுக்கவில்லை. அவள் எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பூசணம் இங்கேயும் வந்துவிட்டதோ என்னவோ பார்க்கிறேன் என்று சொல்லி, துண்டை எடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். ஒரு திருகாணி கழன்றும் விட்டது. அப்போது அவள் கட்டிலிலிருந்து சொன்னாள்.

"எதுக்கு ஏறுறீங்க... விழுந்துடப் போறீங்க. இப்படி வந்து உக்காருங்க. எதாவது சொல்லுங்க... சிரிச்சு நாளாச்சு."

இத்தனை வருஷத்தில் அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் திருகாணியைக் கழற்றிக்கொண்டு நிற்க முடியுமா? முடுக்கிவிட்டு இறங்கினேன். என் கைவசம் இருந்ததிலேயே நல்ல ஜோக்கைச் சொன்னேன். அவள் இருமினாள், நிறுத்தவே இல்லை. அவ்வளவு பெரிய வரவேற்பு எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். தங்கை வந்தாள், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள், பின்னறையில் படுத்தாள், எழுந்திருக்கும்போது இருமினாள். என்னைக் கேட்காமலே மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் கிரில்லைக் கழற்றி, துண்டை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "சார், இது நான் உங்ககிட்ட குடுத்ததாச்சே," என்றார்.

"அத்தான், இதை எதுக்கு அங்க வச்சீங்க?" என்று மைத்துனி கேட்டாள்.

ஞாபகத்துக்கு என்றேன். இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். சிரிக்கவில்லை.

உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். நுரையீரலில் பாதி இனி வேலை செய்யாதாம், நீச்சலை மறந்துவிட வேண்டியதுதானாம். பாதியோடு எத்தனையோ பேர் நன்றாக வாழ்கிறார்கள் என்றார் டாக்டர். பாதி மூளையோடு நான் குடும்பம் நடத்தவில்லையா என்றேன். அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வைத்தது நான். தண்ணீர் தெளித்தது நான். எடுக்கப்போய் எடுக்காமல் இறங்கியதும் நான். எல்லாம் தெரிந்தே செய்தேன். அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான் யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. உங்களில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளிடம் இதைச் சொல்ல வேண்டும். நான் போகிற இடத்தில் மெத்தை கிடையாது, ஏசி கிடையாது, ஆனால் ஜோக் சொன்னால் ஒருத்தரும் எழுந்து போக முடியாது என்று சொல்லுங்கள். வாயில் குழாய் இருக்கிறது, பதில் பேச மாட்டாள். ஏதாவது சத்தம் வருகிறதா என்று மட்டும் கவனித்துவந்து எனக்குச் சொன்னால் போதும். இருமல் மாதிரி இருந்தால் நர்ஸைக் கூப்பிட்டு அமளி பண்ணாதீர்கள். அவள் அப்படித்தான் சிரிப்பாள்.