அந்த அஞ்சு நாள் வெயில்

இல்ல தம்பி, அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. வெயில் மழை அளக்கற பெட்டியைத் துடைச்சு, பேட்டரி மாத்தி, மூடியும் போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன அவசரம்? கம்ப்யூட்டரை இப்படி மேஜை மேல வைங்க, ஈரமில்ல. வருஷத்துக்கு ஒரு தடவை வர்றீங்க, வெயில் எவ்வளவு மழை எவ்வளவுன்னு மொத்தத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிடறீங்க. போன வருஷம் வந்தவரு முற்றத்தோட சரி. ஒரு வாய் தண்ணி கூட வாங்கிக்கல.

வண்டி ஓட்டணும், தெரியும். இந்த ஒயினை முழுங்கச் சொல்லலியே. வாயில வச்சு ஒரு சுத்து அலசிட்டு அந்த வாளியில துப்பிடுங்க. வெக்கமே வேணாம், இந்தத் தொழில்ல இருக்கறவங்க எல்லாருமே துப்பறவங்கதான். கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரரு காலங்காத்தால நின்னுக்கிட்டு துப்பறதைப் பாத்துட்டு, அடக்கடவுளே, இந்த மனுஷன் கூட எப்படிக் குப்பை கொட்டப்போறோம்னு நினைச்சேன். முப்பத்தாறு வருஷம் கொட்டியாச்சு.

என்ன தெரியுது? புளிப்பா? ஆங், அதான். சும்மா சொல்லல, உங்களுக்கு நாக்கு இருக்கு. இது மேட்டுத் தோட்டத்து வெள்ளைத் திராட்சை. அங்க காத்து அதிகம். பகல்ல என்ன காய்ஞ்சாலும் ராத்திரி போர்வை கேக்கும். வெயில் சர்க்கரையை ஏத்திவிடும், குளிர் புளிப்பைப் பிடிச்சு வைக்கும். ரெண்டும் இருந்தாத்தான் ஒயின். வெறும் இனிப்புன்னா சர்பத்து குடிச்சுட்டுப் போகலாமே. ஆனா இந்த ஜாதிக்குத் தோல் மெலிசு. கீழ கொண்டாந்து நட்டீங்கன்னா ஒரே வாரத்துல வெந்துடும். நட்டுப் பாத்தோம். வெந்துச்சு.

கீழ நிக்கறதெல்லாம் கருப்பு. நீங்க நடந்து வந்தீங்களே, அந்தச் சரளைக்கல் பூமி. அந்தக் கல்லுங்க பகல் பூரா சூட்டைக் குடிச்சுட்டு, பொழுது சாஞ்சப்புறம் மெதுவா விடும். தடிச்ச தோலு, லேட்டாப் பழுக்கற ஜாதி, அதுக்கு அந்தச் சூடு வேணும். இதே கொடியை வெட்டி எங்க வீட்டுக்காரரோட அண்ணனுக்குக் குடுத்தோம். அவரு மலைக்கு அந்தப் பக்கம், ஆத்தோரம். காலையில பத்து மணி வரைக்கும் மூடுபனி, எதிர்ல நிக்கற ஆளு தெரியாது. அவரு ஒயினைக் குடிச்சா மெலிசா, ஒடிசலா, வாயை விட்டு ஓடற மாதிரி இருக்கும். எங்களோடது அப்படியே நாக்குல உக்காந்துக்கும். ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க தம்பி, வளந்த இடம் வேற. அண்ணனும் தம்பியும் கூட அப்படித்தான். அவரு வாயே திறக்க மாட்டாரு, இவரு மூட மாட்டாரு.

இல்ல, இப்ப நான் மட்டும்தான். மேட்டுத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுட்டேன். பொண்ணு ஞாயித்துக்கிழமை கூப்பிடுவா. தோட்டம் எப்படிம்மா இருக்குன்னு கேப்பா. இருக்குன்னு சொல்வேன்.

உக்காருங்க, உக்காருங்க, ஒரு நிமிஷம். உங்க சம்பந்தப்பட்ட விஷயம்தான் சொல்ல வர்றேன்.

முன்னல்லாம் நாங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் பறிப்போம். மூச்சு விட்டா புகை வரும். இப்ப வெயிலுக்குக் குடை பிடிச்சுக்கிட்டுப் பறிக்கறோம். வருஷா வருஷம் ரெண்டு நாளு, மூணு நாளுன்னு அறுப்பு முன்னாடி நகந்து நகந்து, இப்ப ஒரு மாசம் முந்தியே வந்துடுச்சு. அதுல என்ன தொல்லைன்னா, சூடு அதிகமானா சர்க்கரை குதிச்சு ஓடிடும், உள்ள கொட்டை பச்சையாவே நிக்கும். பழம் தின்னா தேன் மாதிரி இருக்கும், கொட்டையைக் கடிச்சா கசக்கும். அந்தக் கசப்பு அப்படியே ஒயின்ல இறங்கும். சரி, கொட்டை பழுக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா, மேல பழம் சுருங்கிடும். எப்பப் பறிக்கறதுங்கறதுதான் எங்க வீட்ல முப்பத்தாறு வருஷச் சண்டை.

நான் நம்பர் கட்சி. சாறை ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துல கண்ணுகிட்ட வச்சுப் பாக்கற குழாய் இருக்கு, சர்க்கரை எவ்வளவுன்னு காட்டும். இருபத்தி நாலு வந்தா ஆளைக் கூப்பிடுன்னுவேன். அவரு கொட்டைக் கட்சி. கடிச்சா பொரி மாதிரி நொறுங்கணும், அது வரைக்கும் கத்தியைத் தொடாதேன்னுவாரு. பாதி வருஷம் அவரு சொன்னது சரியா இருக்கும், பாதி வருஷம் நான். ஆனா ஜெயிச்சதை மறுவருஷம் வரைக்கும் சொல்லிக் காட்டறது அவரு மட்டும்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, அறுப்புக்குக் கொஞ்சம் முந்தி, அவருக்கு நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு. டவுன் ஆஸ்பத்திரி. ரெண்டு மணி நேரம் பஸ். படுத்துக்கிட்டே ஒண்ணுதான் கேட்டாரு. நான் கடிச்சுப் பாக்காம பறிக்காதே. சரின்னேன். விடிகாலையில போய் ஒரு கொத்து அறுத்து, டிபன் டப்பாவுல வச்சு, முதல் பஸ்ஸைப் பிடிப்பேன். அவரு ஒரு பழத்தை வாயில போட்டு, மெதுவா மென்னு, கொட்டையைக் கடிச்சு, டம்ளர்ல துப்புவாரு. இன்னும் நாலு நாளுன்னுவாரு. மறுநாளும் இன்னும் நாலு நாள். டாக்டரும் என்னை வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போய் அதையேதான் சொன்னாரு. அவரு சொன்னது வேற கணக்கு.

அப்பத்தான் அந்தச் சூடு வந்துச்சு. பதினாறாந்தேதி, பதினேழாந்தேதி ரெண்டு நாளும் பத்தி எரிஞ்சுது. குழாய்ல பாத்தா முத நாள் இருபத்தி ரெண்டு, மறுநாள் இருபத்தி நாலரை. இன்னும் ஒரு வாரம் இப்படித்தான் இருக்கும்னு ரேடியோவுல சொல்றான். அண்ணன்காரருக்கு மூடுபனி இருக்கு, அவரு காத்திருக்கலாம், காத்திருந்தாரு. எனக்குச் சரளைக்கல்லு. நாலு நாள் விட்டா உலர்ந்த திராட்சைதான் மிஞ்சும். யாரைக் கேக்கறது? பதினெட்டாம் தேதி ஆளை விட்டுப் பறிச்சுட்டேன். மொத்தமும்.

அந்த ஒயின்தான் இது. இந்தாங்க, இதையும் அலசிப் பாருங்க. வாசனை நல்லா இருக்கா. அப்புறம்? கடைசியில ஒரு கசப்பு, தொண்டைகிட்ட. ம். தெரியும் தம்பி. உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்.

இப்ப நான் கேக்கறது என்னன்னா, அந்தப் பெட்டி அந்த வருஷமும் இங்கதானே நின்னுச்சு. பதினெட்டுலேர்ந்து அஞ்சு நாள், பகல் சூடு எவ்வளவுன்னு பாத்துச் சொல்ல முடியுமா? உங்க ஆபீசுக்கு எழுதிக் கேட்டேனே. காரணத்தைக் குறிப்பிடவும்னு ஒரு ஃபாரம் அனுப்பினாங்க. என்ன காரணம்னு எழுதறது? இங்க இருந்த உனக்கே தெரியாதான்னு நீங்க கேக்கலாம். இருட்டுல கிளம்பி இருட்டுல வந்தேன் தம்பி. நடுவுல ஆஸ்பத்திரி, ஏசி, மூடின ஜன்னல். அந்த அஞ்சு நாளும் பகல் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.

இருக்கா? அதுலயே இருக்கா? நிதானமாப் பாருங்க. அவசரமில்ல.

பதினெட்டு, நாப்பது. பாத்தீங்களா, நான் சொல்லல?

பத்தொன்பது முப்பத்தி மூணா? நல்லாப் பாருங்க தம்பி. வருஷம் சரியா இருக்கா? சரி. அப்புறம்?

முப்பத்தி ஒண்ணு.

மறுநாளும் முப்பத்தி ஒண்ணு. ராத்திரி பதினாறு. போர்வை கேட்டிருக்கும். கடைசி நாள்? முப்பது.

நாலு நாள் விட்டிருக்கலாம். சர்க்கரை அப்படியே நின்னிருக்கும், கொட்டை பழுத்திருக்கும். ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு, ஜன்னலைக்கூடத் திறக்காம, ஒரு பழத்தைக் கடிச்சுட்டு அந்த மனுஷன் சரியாச் சொல்லியிருக்காரு. பாருங்க. ஜெயிச்சுட்டாரு.

என்னது? பறிச்சுட்டேன்னு சொன்னப்ப என்ன சொன்னாரா?

சொல்லலியே.

அவருகிட்ட நான் சொல்லவே இல்ல. வடக்குச் சுவரை ஒட்டி ஒரு பத்துப் பன்னெண்டு கொடி இருக்கு, நிழல்ல. எப்பவும் பின்தங்கித்தான் பழுக்கும், பறிக்கற கூலிக்குக்கூடத் தேறாதுன்னு விட்டுடுவோம். அன்னிக்கும் அதை மட்டும் தொட வேணாம்னு ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன். தோட்டம் மொட்டையா நிக்குது, தொட்டியில சாறு பொங்கிக்கிட்டு இருக்கு, நான் காலையில போய் அந்தச் சுவத்துக் கொடியிலேர்ந்து ஒரு கொத்து அறுத்துக்கிட்டு பஸ் ஏறுவேன். பதினோரு நாள். கைக்கறை போகல, நகத்துலல்லாம் கருப்பு. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பேன். அவரு வாங்கி மெல்லுவாரு, துப்புவாரு, இன்னும் நாலு நாளுன்னுவாரு. நர்ஸ் பொண்ணு கூட சிரிக்கும், என்ன தாத்தா உங்க நாலு நாள் முடியவே மாட்டேங்குதுன்னு. முடியாம இருக்கட்டும்னுதான் நானும் இருந்தேன்.

பதினோராவது நாள் சாயங்காலம் ஒரு பழத்தைக் கடிச்சாரு. காதுல கேட்டுச்சு எனக்கு, கொட்டை நொறுங்கற சத்தம். கண்ணை மூடிக்கிட்டே, இப்ப சரின்னாரு. நாளைக்குக் காலையிலேயே ஆளை வரச்சொல்லிடு.

சரிங்கன்னேன்.

எத்தனை பேருன்னாரு. பதினாலு பேருன்னேன். வெயில் ஏறறதுக்கு முன்னாடி கீழ்ப்பக்கத்தை முடிச்சுடச் சொல்லு, மதியம் அவங்களுக்கு நிழல் பாத்து உக்கார வைன்னாரு.

வைக்கறேன்னு சொன்னேன்.