சாவி என் இடுப்பில் இருந்தது

சைரன். மதியம் இரண்டு பத்து. ஏறி இறங்கி, மறுபடி ஏறி அலறுகிறது. நான் ஓடுகிறேன்.

"எல்லாரும் ட்ரெஞ்சுல எறங்குங்க! சீக்கிரம்!" இன்ஸ்பெக்டர் கத்துகிறார்.

வாசலில் மணல் மூட்டை தடுக்கி விழுகிறேன். எழுகிறேன். குழிக்குள் குதிக்கிறேன். தெருவில் போனவர்களும் குதிக்கிறார்கள். விமானத் தாக்குதல் காவலுக்கு இருந்த ஏ.ஆர்.பி. வார்டன் விசில் ஊதுகிறார். "தலைய குனி! தலைய குனி!" குனிகிறேன். இடுப்பில் ஏதோ குத்துகிறது. தொட்டுப் பார்க்கிறேன். லாக்கப் சாவி.

1942, ஏப்ரல். புதன்கிழமை. தென் சென்னையில் ஒரு சின்னப் போலீஸ் ஸ்டேஷன். நான் அங்கே ரைட்டர். ஏட்டு என்று பெயரே தவிர, தடியைவிடப் பேனாவைப் பிடித்த நாள்தான் அதிகம். ஜப்பான்காரன் இன்று வருவான், நாளை வருவான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிவிட்டது. மயிலாப்பூரில் தெருத் தெருவாகப் பூட்டு. ஊரைவிட்டுப் போகாதவர்களில் ஒருவர் எங்கள் லாக்கப்பில் இருந்தார்.

அப்துல் கரீம். தையற்காரர். எங்கள் காக்கி நிஜார்களைத் தைத்தவரே அவர்தான். ஞாயிறு மாலை ஏழு நாற்பதுக்கு அவர் கடையில் விளக்கு தெரிந்தது. வெளியே வெளிச்சம் தெரியக் கூடாத இருட்டடிப்பு நேரம். எதிரிக்குச் சைகை காட்டினார் என்று இழுத்து வந்தோம். அடித்தார்கள். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "கல்யாணச் சட்டைக்குப் பித்தான் வச்சிக்கினு இருந்தேன் ஐயா."

எங்கள் ஸ்டேஷனில் ஒரு வழக்கம். ஆளைப் பிடித்ததும் டைரியில் மூன்று வரி காலியாக விடுவேன். ஓரத்தில் பென்சிலால் பெயர். மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோகும் அன்றுதான் மையால் எழுதுவேன். பிடித்த ஆளை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அவர்முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அப்போதுதான் தொடங்கும். யுத்தகால விதியின்படி கூடுதலாக வைத்திருக்கலாம். அதற்கு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கை எழுதும் அளவுக்குக்கூட கரீம் பாய்மேல் எதுவும் இல்லை. அதனால் மூன்று நாளாக அவர் பென்சிலிலேயே இருந்தார்.

சைரன் நிற்கிறது. இரண்டு பன்னிரண்டு. ஆகாயத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஸ்டேஷனுக்கு உள்ளேயிருந்துதான் சத்தம் வருகிறது. டங். டங். தகரக் குவளையைக் கம்பியில் தட்டுகிறார்.

"ஏட்டையா! தொறங்க ஏட்டையா! மூச்சு முட்டுது!"

அவருக்கு இழுப்பு நோய். லாக்கப் ஜன்னலில் கறுப்புக் காகிதம். கம்பிக் கதவுக்கு முன்னால் நெஞ்சுயரம் மணல் மூட்டை. பக்கத்து ரிக்கார்டு அறையைக் காப்பாற்ற அடுக்கியது. அடுக்கியவன் நான்.

எழுந்தேன். இன்ஸ்பெக்டர் என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். கண்ணால் வார்டனைக் காட்டினார். புரிந்தது. புத்தகத்தில் இல்லாத ஆளை நாலு பேர் பார்க்க எப்படி வெளியே கொண்டுவருவது? உட்கார்ந்தேன். குண்டுக்குப் பயந்து உட்காரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டங். டங். பிறகு ஒன்று. பிறகு வெகுநேரம் கழித்து ஒன்று. இரண்டு முப்பத்தொன்றுக்கு நின்றது. வார்டன் கேட்டார், "உள்ள யாரு?" "பூனை" என்றார் இன்ஸ்பெக்டர். பூனை குவளை தட்டுமா? வார்டன் அதற்குமேல் கேட்கவில்லை. அபாயம் நீங்கிய சங்கு இரண்டு ஐம்பதுக்கு ஊதியது. போய்த் திறந்தேன். கதவோரமாகவே சரிந்து கிடந்தார். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

இன்ஸ்பெக்டர் ரப்பரை என் மேஜைமேல் வைத்தார். "அழிச்சுடு. இருட்டினதும் வண்டி வரும்."

ஐந்து மணிக்குக் கரீம் பாயின் மனைவி வந்தாள். பாத்திமா. திங்கள் முதல் தினமும் மதியம் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவருவாள். "உன் புருஷன் இங்கே இல்லை. வைத்துவிட்டுப் போ, வந்தால் கொடுக்கிறோம்" என்போம். அவள் போனதும் தூக்கு லாக்கப்புக்குள் போகும். மாலையில் காலித் தூக்கை வாங்கிப் போவாள். சொன்னது நான்தான். மூன்று நாளும் நான்தான்.

அன்றும் லாக்கப்பிலிருந்து தூக்கை எடுத்து வந்து கொடுத்தேன். சுற்றியிருந்த துணியை அவள் பிரித்தாள். ஓரம் பிரிந்த பழைய துணி. ஒரு பக்கம் மடித்துத் தைத்திருந்தது. அது திங்கள். இன்னொரு பக்கம், செவ்வாய். மூன்றாவது பக்கம் பாதிவரை. அங்கே ஊசி தொங்கியது. நான் கவனிக்கவே இல்லை. காலரில் செருகியிருந்த ஊசியாக இருக்கும். தினமும் அவளுக்கு அவர் சேதி அனுப்பியிருக்கிறார், எங்கள் கையாலேயே.

அவள் ஊசியைப் பார்த்தாள். நூலைப் பார்த்தாள்.

"ஏட்டையா, நூலு அறுக்கல. நூல அறுக்காம அவரு எந்திரிக்கவே மாட்டாரு." துணியை என் முன்னால் நீட்டினாள். "இன்னா பண்ணீங்க அவர?"

ஒரு கையில் ரப்பர் இருந்தது. கீழே வைத்தேன். பேனாவை மையில் தொட்டேன். "டேய், வேணாம்டா!" பின்னாலிருந்து இன்ஸ்பெக்டரின் சத்தம். எழுதினேன். அப்துல் கரீம். பிடித்தது ஞாயிறு மாலை ஏழு நாற்பது. இறந்தது புதன், ஸ்டேஷன் லாக்கப்பில். குவளைச் சத்தம் நின்றது இரண்டு முப்பத்தொன்று. சாவி என்னிடம் இருந்தது. மூன்று வரி போதவில்லை. ஓரத்திலும் எழுதினேன். அவளுக்குப் படித்துக் காட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

இது 1949. புதிய அரசியல் சட்டம் எழுதுகிறார்களாம். கைதானவனை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அதிலும் வருகிறதாம். நல்லது. ஆனால் அது அன்றைக்கும் சட்டம்தான். என் மேஜைக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. புதிதாகக் காக்கி போடுகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். அந்தச் சட்டம் கடைசியில் ரைட்டரின் பேனாவில் வந்து நிற்கிறது.

கணக்கு இது. அன்று பட்டணத்தின்மேல் விழுந்த குண்டு, ஒன்றும் இல்லை. ரிக்கார்டு அறையில் ஒரு காகிதம் கெடவில்லை. இன்ஸ்பெக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல். எனக்குப் பதினோரு வருஷ உத்தியோகம் போயிற்று, போகட்டும். இறந்தவர் ஒருவர். அப்துல் கரீம், தையற்காரர், வயது நாற்பத்தொன்று. அந்தத் துணியில் தைக்காமல் நின்றது ஒன்றரைப் பக்கம்.