வள்ளக்காரர் கட்டிய கூடு

காலை ஏழு இருபதுக்குத் தோட்டவெளியில் பஸ் ஏறிய பெண்ணின் மடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி இருந்தது. மிருக வைத்தியரிடம் போகும் சினைக் கினிப்பன்றி அதற்குள். பக்கத்தில் வள்ளம் கட்டும் கணவர்.

“மூண்டு தட்டுக் கூடு ஆரப்பா கேட்டது? வயித்தில குட்டியோட மேலயிருந்து சறுக்கி விழுந்திட்டுது.”

“சரிவுப் பலகை நல்லாத்தானே அடிச்சனான்.”

“அதுக்கு ஏன் ஃபைபர் பூசினனீங்கள்? கூடு கடலுக்கே போகுது?”

“மூத்திரத்தில பலகை உக்கிப்போகுமெல்லே.”

“பிறகு கண்ணாடி மாதிரி மினுக்கினது ஏன்? பல்லியும் சறுக்கும்.”

“வள்ளத்துக்கு அப்பிடித்தானே செய்யிறது.”

“வள்ளம் மேல்தட்டுக்கு ஏறாது. குட்டியளுக்கு ஏதும் நடந்தால் மகளுக்கு நீங்களே சொல்லுங்கோ.”

அவர் பெட்டியின் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

மன்னார் பஸ் நிலையத்தில் மனைவி மூடியைத் திறந்தார். தாயின் பக்கத்தில் இரண்டு குட்டிகள் கண் விழித்தபடி இருந்தன.