ப்ளீஸ் அண்ணாச்சி

எங்கள் வீட்டு வாசல் மணி பேசுகிற மணி. பொத்தானை அமுக்கினால் உள்ளிருந்து ஒரு பெண் குரல் "ப்ளீஸ் ஓப்பன் த டோர்" என்று சொல்லும். மேலகரத்தில் ஆனி மாதம் சாரல் பிடித்துவிட்டால் சுவரெல்லாம் வியர்க்கும். அந்த ஈரம் மணிக்குள் இறங்கியதிலிருந்து அந்தப் பெண் "ப்ளீஸ்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். சில சமயம் யாரும் அமுக்காமலே சொல்லுவாள். சாப்பிடும்போது பின்னால் நின்று யாரோ எதையோ கேட்பது போல இருக்கும்.

"பென்னியக் கூப்புடுங்களேன், நிமிசத்துல சரி பண்ணிட்டுப் போயிருவான்" என்றாள் என் மனைவி நிர்மலாதேவி. பென்னி எங்கள் தெரு எலக்ட்ரீசியன். நான் கூப்பிடவில்லை. தென்காசியில் உரக்கடை வைத்து, ஒரு இலையைப் பார்த்தே பயிருக்கு என்ன நோய் என்று சொல்லுகிறவன், ஒரு மணிக்குப் போய் ஆள் வைப்பேனா?

என் கைத்திறமையையும் சொல்லிவிடுகிறேன் ஐயா, மறைக்க ஒன்றுமில்லை. நான் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் அது ஒயரை விட்டுவிட்டு என் மீசையைப் பிடிக்கும். முதல் ரிப்பேரில் மணி வாயை மூடவே இல்லை. அடுத்ததில் பொத்தானை அமுக்கினால் குளியலறை விளக்கு அணைந்தது. உள்ளே சோப்புப் போட்டுக்கொண்டிருந்த நிர்மலாதேவி என்ன சொன்னாள் என்பது இந்த வாக்குமூலத்துக்குத் தேவையில்லை. அதற்கும் அடுத்த ரிப்பேரில் பழையபடி "ப்ளீஸ்".

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டியவன் சொந்தக்காரர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. அருவியில் தண்ணீர் விழுந்தால் வாசலில் சொந்தம் விழும். நிர்மலாதேவியின் தம்பி இசக்கிமணி வருஷா வருஷம் மதுரையிலிருந்து குடும்பத்தோடு காரில் வருவான். நல்ல பையன், அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வரும்போதெல்லாம் என் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வருவான். நேரே மெயினருவிக்குப் போய்க் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு, தலைகூடத் துவட்டாமல்தான் எங்கள் வீட்டுப் படியேறுவான். எல்லா வருஷமும் அப்படித்தான்.

போன சீசனில் வந்து பொத்தானை அமுக்கினான். "ப்ளீஸ்" என்றது. மறுபடி அமுக்கினான். மறுபடி "ப்ளீஸ்".

"யத்தான், ஒங்க மணி கெஞ்சுது. என்னைய பென்னிகிட்ட காட்டுங்க, ப்ளீஸ்ங்குது" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிர்மலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். சுரண்டையில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து அதை நடித்தே காட்டினான். அன்றிலிருந்து நான் ப்ளீஸ் அண்ணாச்சி. கடைக்கு வருகிறவர்கள் "ப்ளீஸ் அண்ணாச்சி, யூரியா வந்துட்டா?" என்றார்கள். ஆய்க்குடி கோயிலில் சாமி கும்பிட்டுத் திரும்பினால், "எலே, ப்ளீஸ் அண்ணாச்சி வருதாரு" என்று ஒரு குரல். பெயர்ப் பலகையில் சுந்தரபாண்டியன் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது, அதைப் படிக்க ஆளில்லை. எனக்கு வலித்தது ஐயா. அதை மட்டும் வேடிக்கையாகச் சொல்ல வரவில்லை.

இந்த வருஷம் சீசனுக்கு முன்னால் பிளாஸ்டிக் பொத்தானைக் கழற்றிவிட்டுப் பித்தளையில் ஒன்று மாட்டினேன். மணி முழு வாக்கியத்தையும் சொன்னது. கூடவே பொத்தான் விரலை லேசாகக் கிள்ளியது. உள்ளே ஒரு ஒயர் படக்கூடாத இடத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அது என் கைத்தவறு, வேண்டுமென்று செய்ததில்லை. தெரிந்த பிறகு அதை நான் நகர்த்தவுமில்லை. செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. இசக்கிமணி ஒரு துள்ளுத் துள்ளினால் போதும், அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். 'ஷாக் மாப்பிள்ளை'. யோசித்து யோசித்துப் பிடித்த பெயர் அது.

வேறு யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று மணிக்கான சுவிட்சை அணைத்தே வைத்திருந்தேன். அது வீட்டுக்குள், கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவன் வருகிற அன்று காலையில்தான் போட்டேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை.

படியடியில் ஒரு போர்டும் இருந்தது: 'செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்'. நம்மூரில் போர்டு இல்லாமலே கழற்றிவிட்டுத்தான் படியேறுவார்கள். இசக்கிமணிதான் மதுரைப் பழக்கத்தில் செருப்போடு வந்து மணியடித்து, கதவு திறந்த பிறகு கழற்றுகிறவன்.

அன்று அவன் குடும்பம் காரிலிருந்து இறங்குவதற்குள் அவன் படிக்கு வந்துவிட்டான். நிர்மலாதேவி அடுப்படியில் மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"யத்தான், செருப்பக் கழத்தியாச்சு. இப்பமாவது ஒழுங்காப் பேசுமா?" என்று வெளியிலிருந்து சத்தம் கொடுத்தான்.

"அமுக்கிப் பாரும் மாப்ள" என்றேன்.

அமுக்கினான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் சாரலைத் திட்டினார்கள், கரண்டைத் திட்டினார்கள், அவன் ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி ஆறுதலும் சொன்னார். நிர்மலாதேவி மட்டும் என்னிடம் வந்து ஒன்று கேட்டாள்.

"அந்த போர்ட எப்ப மாட்டுனீய?"

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். பொத்தான் மாட்டிய அன்று போர்டு இல்லை. பிறகு ஒரு நாள் மணியைச் சோதித்துப் பார்க்கச் சுவிட்சைப் போட்டுவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு, வெறுங்காலில், நனைந்த படியில் நின்று அதைத் தொட்டேன். எறும்பு இல்லை. முற்றத்தில் போய் விழுந்தேன். பல் ஒன்று ஆடியது. எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று. உள்ளே போய்ச் சுவிட்சை அணைத்தேன். பிறகு கடைத்தெருவுக்குப் போய், தகரமும் பெயிண்டும் வாங்கி வந்து போர்டை எழுதினேன்.

அவன் கையை எடுக்க முடியாமல் நின்றபோது சுவிட்சை ஏன் அணைக்கவில்லை என்று கேட்டீர்கள். எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன் ஐயா. "ப்ளீஸ் ஓப்பன் த டோர்." திரும்பவும், "ப்ளீஸ் ஓப்பன் த டோர்." ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை. பென்னியே வந்து பார்த்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாகப் பேச வைத்திருக்க மாட்டான்.